நண்டுக் குழிக்குள் யார்

கடலுக்குப் போகிறவன் வீட்டில் பிள்ளை அப்பாவைப் பார்த்து அழுவது தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒன்றும் புதுசில்லை. ஆனால் அபிஷா அன்றைக்கு அழுத அழுகையில் அங்கன்வாடியே கிடுகிடுத்துப் போனது.

ஜூன் மாதத் தொடக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்து, போட்டுகளெல்லாம் துறைமுகத்துக்குத் திரும்பியிருந்தன. அவள் அப்பா டிஜோ கரைக்கு வந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். குளித்து, புதுச்சட்டை போட்டு, கையில் ஒரு பலூனோடு மகளைக் கூட்டிப்போக வந்தவன் வாசலில் குனிந்து, "மோளே, வா" என்று கையை நீட்டினான். நாலு வயசுப் பிள்ளை ஷைஜா டீச்சரின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இந்த மாமன் வேண்டாம்" என்றது.

ஷைஜா அந்த அங்கன்வாடியில் டீச்சராகிப் பல வருஷமாகிறது. கருங்கல்லிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். இந்த மாதிரி அழுகைகளை நிறையப் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் அன்று டிஜோவின் முகம் போன போக்கை அவளால் பார்க்க முடியவில்லை. ஆழ்கடலில் சுறாவோடு மல்லுக்கட்டுகிற ஆள், பலூனை வாசற்படியில் மெதுவாக வைத்துவிட்டு, "அவளுக்க அம்மா செலின அனுப்புதேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

இந்த ஊரில் இது ஒரு சுற்று. தங்குகடலுக்குப் போகிற போட்டு மாசக்கணக்கில் கரைக்கு வராது. வந்தாலும் கொச்சியில் மீனை இறக்கிவிட்டு, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்பிவிடும். தடைக்காலத்து இரண்டு மாசத்தில் பிள்ளை அப்பனோடு ஒட்டிப் பழகி, அவன் தோளில் ஏறிக் கடைக்குப் போகப் படிக்கும். அதற்குள் ஜூலை முடிந்துவிடும். அடுத்த தடவை அவன் வரும்போது மறுபடியும் மாமன்தான். டிஜோவுக்கு இது நாலாவது சுற்று. அபிஷாவும் ஜூலைக் கடைசியில் அவன் தோளில் ஏறிக்கொண்டு அங்கன்வாடிக்கு வந்தாள். அடுத்த வாரமே போட்டு போய்விட்டது.

அந்த ஜூலையில்தான் நாகர்கோவிலில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இந்துஜா வந்தாள். இருபத்தைந்து வயசு, ஸ்கூட்டர், முதுகில் மடிக்கணினிப் பை. அவள் கொண்டு வந்த திட்டம் இதுதான்: வாரம் ஒருமுறை டீச்சர் தன் போனில் ஒரு கதையோ பாட்டோ சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். முடிவில், வீட்டில் பிள்ளையிடம் பேச ஒரு கேள்வி. அது ஒரு செயலி வழியாகப் பெற்றோரின் போனில் போய் இறங்கிவிடும். அவர்கள் எப்போது கேட்டார்கள், எத்தனை தடவை கேட்டார்கள் என்பது கணினித் திரையில் பச்சைப் புள்ளிகளாக விழும். இந்துஜா அதை டாஷ்போர்டு என்றாள். ஷைஜாவுக்கு அது புள்ளிப் பலகை.

"அப்போ கேக்காதவங்க பெயரக் குறிச்சு வச்சுத் திட்டலாம்" என்றாள் ஷைஜா, உற்சாகமாக.

"திட்டுறதுக்கு இல்லக்கா. நாம எந்த வீட்டுக்குப் போய் இருந்து பேசணும்னு தெரியுறதுக்கு. பெயரே வராது, ஒரு குறியீடு மட்டும்தான் வரும். யாரு என்னங்கறது ஆபீஸ்ல பூட்டி இருக்கும்."

பெயர் இல்லாமல் என்ன புள்ளி என்று ஷைஜா மனசுக்குள் முணுமுணுத்தாள். ஆனால் வேலையில் குறை வைக்கிறவள் இல்லை. தாய்மாரையெல்லாம் கூட்டி, வீட்டில் இருக்கிற நல்ல போனைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் செயலியை ஏற்றிவிட்டாள். எல்லோரும் பளபளவென்று பெரிய பெரிய போனாகக் கொண்டுவந்தார்கள். அவளுக்கும் இந்துஜாவுக்கும் ரொம்பத் திருப்தி.

ஆகஸ்ட்டில் கதைகள் போகத் தொடங்கின. இரண்டாவது வாரம் ஷைஜாவே இட்டுக்கட்டிய ஒரு நண்டுக் கதை. கரையில் ஒரு நண்டு பாடுபட்டுக் குழி தோண்டும், அலை வந்து மூடும், மறுபடி தோண்டும். ஒருநாள் இரை தேடிப் போய்விட்டுத் திரும்பி வந்தால் குழிக்குள் யாரோ குறட்டை விட்டுத் தூங்குகிற சத்தம். ஷைஜா கதை சொல்ல ஆரம்பித்தால் நண்டாகவே மாறிவிடுவாள், கடிகாரம் பார்க்க மாட்டாள். செயலியோ இரண்டு நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது. "நண்டு பைய எட்டிப் பாத்துது... பாத்தா உள்ள..." என்பதோடு கதை நறுக்கென்று நின்றுவிட்டது. அனுப்பின பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மானம் போனது என்று அந்தக் கதையின் பக்கமே பிறகு அவள் போகவில்லை, பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பரில் இந்துஜா திரையைத் திறந்து காட்டினாள். கடலை விட்டுத் தள்ளி உள்நாட்டில் இதே திட்டம் நடக்கிற சிதறால் பக்கத்து மையம் நாற்றங்கால் மாதிரி பச்சையாகக் கிடந்தது. ஷைஜாவின் கடற்கரை மையம் வெறிச்சோடிக் கிடந்தது.

"சுயம்புராஜ் சார் என்ன சொல்லுதாருன்னா" என்று இந்துஜா தயங்கினாள். சுயம்புராஜ் அவளுடைய மேலதிகாரி. "டிசம்பர் வரைக்கும் இப்படியே இருந்தா, இந்தத் திட்டத்த வடக்கே மலைப்பக்கம் ஒரு மையத்துக்கு மாத்தலாம்னு."

அன்று மத்தியானம் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தபோது ஷைஜா ஒரு பிடி பிடித்தாள். தொண்டை வறளக் கதை சொல்லுகிறேன், கேட்க உங்களுக்கு இரண்டு நிமிஷம் இல்லையா, சீரியல் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறதா என்றெல்லாம். தாய்மார் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் கோபமாக இருக்கும்போது குறுக்கே பேசுகிற வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. "கேக்கலாம் டீச்சர்" என்றாள் டிஜோவின் பெண்டாட்டி செலின். ஏலத்தில் மீன் எடுத்து, சருவத்தில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் பக்கத்து ஊர்களில் விற்கிறவள். அவளுக்குச் சீரியல் பார்க்கிற நேரம் எங்கே இருக்கிறது என்று ஷைஜா பிறகுதான் யோசித்தாள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள் இந்துஜா ஸ்கூட்டரை நிறுத்திய வேகத்திலேயே ஏதோ விசேஷம் என்று தெரிந்தது. திரையில் கடற்கரை மையத்துக்கான கட்டத்தில், ஒரே ஒரு குறியீட்டுக்கு நேராக, கட்டம் தாங்காத அளவுக்குப் பச்சைப் புள்ளிகள். வாரக்கணக்கில் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, எல்லாம் ஒரே ராத்திரியில் வந்து விழுந்திருக்கின்றன. கேட்ட நேரத்தைப் பார்த்தால், தினமும் சூரியன் இறங்குகிற நேரம். திரும்பத் திரும்ப, பெரும்பாலும் ஒரே பதிவு. அந்தப் பாதியில் நின்ற நண்டுக் கதை.

"மத்த கதையெல்லாம் ஒண்ணு ரெண்டு தடவ. இத மட்டும் பாருங்கக்கா. எனக்கு ஒண்ணும் புரியல்ல."

ஷைஜா திரையைத் தள்ளி வைத்தாள். பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்கிறவன் இப்படிக் கேட்பானா? எவனோ ஒருத்தன் அந்தி மயங்குகிற நேரத்தில் தனியாக உட்கார்ந்து, ஒரு பொம்பிளையின் குரலைப் போட்டுப் போட்டுக் கேட்கிறான். அவளுக்குத் தன் குரலையே கழுவிப் போட வேண்டும் போலிருந்தது.

வீட்டில் வந்து சொன்னால், புருஷன் ஷிஜின் சிரித்துவிட்டான். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்க்கிறவன், எதற்கும் பதறாதவன். "ஒனக்க சத்தத்தக் கேக்க இந்த வீட்ல எனக்கே பொறுமையில்ல. அவன் யாரோ பெரிய மனசுக்காரன்" என்றான். ஷைஜா அவனுக்கு அன்று டீ போடவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக இந்துஜாவைக் கூப்பிட்டு, அந்த ஆளை நிறுத்திவிடு என்றாள். இந்துஜாவும் நிறுத்திவிட்டாள்.

அன்று மத்தியானம் செலின் காலிச் சருவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அங்கன்வாடிக்குள் வந்தாள். வந்தவள் டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள்.

"டீச்சருக்குத் தீனம் ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன கேடு? ஏன் கேக்க?"

"எங்க அவரு கொச்சியிலேந்து விளிச்சாரு. போட்டு அங்க மீன் இறக்க வந்திருக்கு. டீச்சருக்க கதைய இன்னைக்குத் தொறந்தா, நிறுத்தியாச்சுன்னு வருதாம். டீச்சருக்கு மேலுக்குச் சொகமில்லியோ என்னமோ, போய்ப் பாத்துட்டு வான்னாரு. நாளைக்கு வெளுப்பாங்காலம், விடியுததுக்கு முன்ன, போட்டு எடுக்கணும். கத இல்லாம போனா மத்த போட்டுக்காரங்க அவர விடமாட்டாவளாம்."

ஷைஜா கையில் இருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள். "மத்த போட்டுக்காரங்களா? எந்தப் போட்டுக்காரங்க?"

"எனக்கென்ன தெரியும் டீச்சர்? எல்லாரும் சேந்துதானாம் கேப்பாவ."

"ஏட்டி செலினு, அந்தப் போன் உங்க வீட்ல இல்லியா?"

"அவருக்க போன் அவருக்க கையிலல்லா இருக்கும்" என்றாள் செலின், இதென்ன கேள்வி என்பது போல. "எனக்க கையில இருக்கது இந்தப் பட்டன் போன்தான். டீச்சர் நல்ல போனக் கொண்டாங்கன்னு சொன்னீங்க, அது ஜூலை மாசம், அவரு கரையில இருந்தாரு. கொண்டுவந்தேன்."

ஷைஜா தலையில் கை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை வீட்டுப் போனும் தடைக்காலத்தில் ஏற்றியது. அத்தனை போனும் ஆகஸ்ட்டில் ஆம்பிளைகளின் சட்டைப்பையில் ஏறிச் சிக்னல் இல்லாத கடலுக்குப் போய்விட்டது. அங்கே கேட்டது கரைப்பக்கம் வந்தால்தான் புள்ளியாக விழும். ஆம்பிளைகள் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். போனும் கூடவே போகும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை, இந்துஜாவுக்கும் தோன்றவில்லை, வரிசையில் நின்று கொடுத்த ஒரு தாய்க்கும் தோன்றவில்லை. இவள் போனே இல்லாமல் வீட்டில் இருந்தவர்களைப் போட்டுத் திட்டியிருக்கிறாள்.

அவள் கூப்பிட்டதும் இந்துஜா பக்கத்து மையத்திலிருந்து பறந்து வந்தாள். செலினின் பட்டன் போனில் டிஜோவைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்கள். பின்னால் கொச்சித் துறைமுகத்தின் இரைச்சல்.

"டீச்சரா? சொகந்தானே டீச்சர்? நான் பயந்துட்டேன்."

"டிஜோ, நீங்கதான் அந்த நண்டுக் கதைய நித்தமும் போட்டுக் கேக்கிறதா?"

"நான் மட்டுமா?" என்றான் டிஜோ. "சாயங்காலம் எல்லா போட்டும் வயர்லெஸ்ல வரும் டீச்சர். யாருக்கு என்ன மீன் பட்டுது, காத்து எப்பிடி, அவ்வளவுதான் பேச்சு. போன தடவ கொச்சிக்கு வந்தப்போ கத எல்லாம் போன்ல எறங்கிச்சு. கடல்ல ஒருநா நான் அதக் கேட்டுட்டு இருந்தேன். வயர்லெஸ் மைக் தொறந்து கெடந்தது எனக்குத் தெரியாது. முடிஞ்சதும் நாலா பக்கத்துலேந்தும் விளி. யாருலே அது, இன்னொருக்கா போடுலேன்னு. அதுக்குப் பொறவு நித்தமும் போடணும். போடல்லன்னா தெறிதான், கெட்ட வார்த்தையா வந்து விழும். அவனவனுக்க போன்லயும் கத உண்டும். ஆனா ஒருத்தனும் அதத் தொறக்கமாட்டான். எல்லாரும் சேந்து கேட்டாத்தான் ரசம்."

"எத்தன போட்டு?"

"அத எப்பிடி டீச்சர் சொல்ல? எனக்க வயர்லெஸ் எட்டுத தூரத்துல நிக்குதவன் கேப்பான். அதுக்கும் அந்தாண்ட நிக்குதவனுக்கு இவன் வாயால சொல்லுவான். அவன் அடுத்தவனுக்கு. கோவாப் பக்கம் நிக்குத போட்டுல நண்டு இப்போ ஆனை சைஸ் ஆகிப்போச்சுன்னு கேள்வி."

இந்துஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷைஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அருவருத்துத் தள்ளிய அதே புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாயங்காலம். எஞ்சினை நிறுத்திவிட்டு, உப்புப் படிந்த கையும் காலுமாக ஆம்பிளைகள் வயர்லெஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு போட்டு, அதற்கும் அப்பால் இன்னொன்று, கண்ணுக்கு எட்டாத இடத்தில் இன்னும் எத்தனையோ. அத்தனைக்கும் நடுவே அவள் குரல் போகிறது. கன்னியாகுமரி ஜில்லாவைத் தாண்டி அவள் போனது மொத்தம் இரண்டே தடவை, அதுவும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு. அவள் குரல் அரபிக்கடல் முழுக்கப் போய் வந்திருக்கிறது. அவளுக்கு உடம்பு சிலிர்த்து, கண்ணில் நீர் முட்டியது. மறைக்கவும் தோன்றவில்லை.

"எதுக்கு அந்தப் பாதிக் கதையவே போடுதீங்க?" என்று இந்துஜா கேட்டாள்.

"குழிக்குள்ள யாருன்னு டீச்சர் சொல்லல்லியே. அதுல பெரிய தர்க்கம் நடக்குது. எனக்க போட்டுல செல்வன்னு ஒருத்தன், பாம்புங்கான். பக்கத்துப் போட்டுக்காரன் ஆமைங்கான். ஒருத்தன், நண்டுக்க பெஞ்சாதி கோவிச்சிட்டுப் போனவ திரும்பி வந்துட்டாங்கான். டீச்சர் நடுவுல எங்கயாவது குறிப்புக் காட்டியிருக்காவளான்னு போட்டுப் போட்டுப் பாக்குதோம்." பிறகு டிஜோவின் குரல் தணிந்தது. "டீச்சர், அபிஷாவுக்கு இந்தக் கத தெரியுமா?"

"இல்ல. பிள்ளைங்களுக்குச் சொல்லல்ல."

"அப்பிடியா" என்றான். "நான் வந்தா, இதச் சொல்லியாவது அவ எனக்க கிட்ட வருவாளான்னு நெனச்சேன். சாரமில்ல டீச்சர், விடுங்க."

செலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷைஜாவுக்கு வாசற்படியில் வைத்த பலூன்தான் கண்ணில் வந்தது.

இந்துஜா போனை வைத்ததும் முதலில் டிஜோவின் குறியீட்டைத் திறந்துவிட்டாள். பிறகு திரையைக் காட்டி, "அக்கா, ஒண்ணு பாத்தீங்களா?" என்றாள். "முடிஞ்ச கதைய ஒரு தடவ கேட்டுட்டு விட்டுடுதாங்க. முடியாத கதையத்தான் விடாம பிடிச்சிருக்காங்க. நீங்க வெட்கப்பட்ட கததான் வேல செஞ்சிருக்கு. இப்போ முடிவச் சொல்லி அனுப்பிட்டீங்கன்னா தர்க்கமும் முடிஞ்சிரும்."

"அதுக்கு?"

"சொல்லாதீங்க. பிள்ளைங்களுக்கும் அந்தப் பாதியையே சொல்லுங்க. மீதி அப்பாமாருக்குத்தான் தெரியும்னு சொல்லிருங்க."

ஷைஜா அவளைப் பார்த்தாள். இந்தச் சின்னப் பெண்ணின் தலைக்குள் இத்தனை இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. உண்மையில் முடிவைச் சொல்லவும் அவளால் முடியாது. ஆகஸ்ட்டில் குழிக்குள் யாரை வைத்திருந்தாள் என்பது அவளுக்கே மறந்து போயிருந்தது. இதை அவள் இந்துஜாவிடம் சொல்லவில்லை.

செலின் தெருவில் இறங்கி ஒரு குரல் கொடுத்ததுதான், அரை மணி நேரத்தில் அங்கன்வாடி நிறைந்துவிட்டது. பெற்றோர் கூட்டம் என்று மாசாமாசம் அழைத்தால் நாலு பேர்கூட வராத இடம். போட்டுக்குச் சத்தம் போகிறது என்றதும் மீன் நாறும் கையைக்கூடக் கழுவாமல் வந்துவிட்டார்கள். ஷைஜா முதலில் எல்லோரையும் பார்த்து, "அன்னைக்குத் திட்டினது எனக்க தப்பு" என்றாள். அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தாய்மார் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து நண்டுக் கதையைச் சொன்னாள். நண்டு எட்டிப் பார்க்கிற இடத்தில் நிறுத்தினாள். "உள்ள யாரு?" என்று பிள்ளைகள் கத்தின. "எனக்குத் தெரியாது. கடல்ல இருக்க உங்க அப்பாமாருக்குத்தான் தெரியும். கேட்டாத்தான் சொல்லுவாவ" என்றாள். பிறகு போனில் பதிவை ஓடவிட்டு, குழிக்குள் யார் என்று கிறிஸ்துமஸுக்குக் கரைக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் சொல்லியாக வேண்டும் என்று அப்பாமாருக்கு ஆர்டர் போட்டாள். ஒவ்வொரு பிள்ளையாகப் போன் முன்னால் வந்து, "அப்பா, குழிக்குள்ள யாரு?" என்று கேட்டது.

அபிஷாவின் முறை வந்தது. அவள் போனுக்குள் உற்றுப் பார்த்தாள். "இதுக்குள்ள எனக்க அப்பா இருக்காவளா?"

"இதுக்குள்ள சொன்னா அப்பாவுக்குக் கேக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாயைப் போனில் ஒட்டிவைத்து, காற்றும் எச்சிலுமாக, கேள்வியைக் கேட்டாள். டிஜோவின் போட்டு கிளம்பும் முன்னால் அது கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றப் போட்டுகளுக்கு, அவை மீன் இறக்கக் கொச்சிக்கு வரவரக் கிடைத்தது.

சுயம்புராஜ் புள்ளிகளைப் பார்த்தார், இந்துஜா சொன்னதைக் கேட்டார். டிசம்பர் வரைக்கும் பார்ப்போம் என்றாராம். ஏலம் முடிந்து தாய்மார் வருகிற நேரமாகப் பார்த்து, வாரம் ஒருநாள் அங்கன்வாடியிலேயே கதையைக் கேட்க வைத்தாள் ஷைஜா. போட்டுகள் சிக்னல் எட்டாத கடலில் இருந்ததால் திரையில் மறுபடியும் வெறுமை. அந்த வெறுமையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அவளுக்குப் பயபக்தி மாதிரி ஒன்று வந்தது. பிள்ளைகளோ அவளை உயிரோடு விடவில்லை. போட்டு எப்போ வரும், அப்பா எப்போ வருவாவ என்று தினமும் ஒரே நச்சரிப்பு. அபிஷா மட்டும் கேட்கவில்லை. அது ஷைஜாவுக்குக் கவலையாகவே இருந்தது.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் போட்டுகள் வருகின்றன என்று சேதி வந்தது. அன்று மத்தியானம் அங்கன்வாடி மொத்தமும் துறைமுகத்தில் நின்றது. இந்துஜாவும் வந்திருந்தாள், கையில் போனோடு. கடலில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் கண் கூசியது.

"அக்கா" என்றாள் இந்துஜா மெல்ல. "இங்க பாருங்க."

திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. பிறகு வேறொரு வரிசையில் இன்னொன்று. போட்டுகள் கரைச் சிக்னலுக்குள் வருகின்றன. கண்ணுக்கு இன்னும் ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனால் இத்தனை நாள் கடலில் நடந்ததெல்லாம் போனில் வந்து இறங்குகிறது. ஒரு குறியீடு இல்லை, எல்லாக் குறியீடும். இந்தத் தடவை ஒருத்தனும் அடுத்தவன் வயர்லெஸ்ஸை நம்பி இருக்கவில்லை, தன் பிள்ளையின் குரலைத் தன் போனிலேயே போட்டுக் கேட்டிருக்கிறான். மழை பிடித்தது போல் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஷைஜா இந்துஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் கடலின் விளிம்பில் முதல் போட்டு தெரிந்தது.

போட்டு அணைவதற்குள்ளேயே பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிட்டன. ஆம்பிளைகள் கயிற்றை எறிந்த கையோடு குதித்தார்கள். "ஆம!" "இல்லலே, பாம்பு!" என்று போட்டுக்குப் போட்டு சத்தம். தாடியும் கருத்த முகமுமாக யார் எவர் என்று பெரியவர்களுக்கே அடையாளம் தெரியாத கூட்டத்தில் பிள்ளைகள் அவரவர் அப்பனைப் பிடித்துப் பதில் கேட்டுக்கொண்டிருந்தன.

டிஜோ இறங்கி, மகளுக்கு இரண்டு ஆள் தூரத்தில் நின்றுவிட்டான். பக்கத்தில் போகவில்லை, கையையும் நீட்டவில்லை. அபிஷா அம்மாவின் கையை விட்டாள். ஷைஜாவின் சேலை கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பிள்ளை அதைப் பிடிக்கவில்லை. ஒரு அடி முன்னால் வைத்து, டிஜோவை அண்ணாந்து பார்த்து, "குழிக்குள்ள யாரு?" என்று கேட்டாள்.

மாசக்கணக்கில் தர்க்கம் பண்ணித் தீர்த்த டிஜோ ஐஸ் தண்ணீர் வழிந்த தரையில் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, "எனக்கு மறந்துபோச்சு மோளே" என்றான். "நீ சொல்லு."

அபிஷா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் போய், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதில் வாயை வைத்து எதையோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். டிஜோவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது செல்வனும் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டு, "யாருலே? என்ன சொன்னா?" என்று பிடுங்கினார்கள்.

ஷைஜாவாலும் தாங்க முடியவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"டிஜோ, குழிக்குள்ள யாரு?"

டிஜோ தோளில் இருந்த மகளைப் பார்த்தான். அவள் உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினாள்.

"சொல்லக்கூடாதாம் டீச்சர்" என்றான்.